மயில் அட்டை போட்ட கையேடு

இன்று காலை ரயில் அரக்கோணத்தில் நின்றுகொண்டிருந்தது. ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்றெல்லாம் திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வருகிறவர்கள் கேட்பதில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் நானும் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பையனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, மயில் புக்கோட க்ளியர் காப்பி உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க. எனக்கு வந்ததுல சில பக்கம் மங்கலா இருக்கு." கூடவே தனக்கு வந்த ஃபைலையும் அனுப்பியிருந்தான்.

திறந்தேன். அட்டையில் மயில், தோகையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு விமானத்தின் பதிவெழுத்துகள். அதற்கும் மேலே, ஆங்கிலத்தில், விமானி கையேடு என்று.

நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தின் கையேட்டில் மயிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். அதை எங்கள் நைனாவிடம்தான், என் அப்பாவிடம்தான், கேட்க வேண்டும். திருத்தணி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ஆனாலும் சரி, வக்கீல் வீட்டுப் பத்திரக் கட்டு ஆனாலும் சரி, அவர் கையால் ஸ்பைரல் போட்டால் அட்டையில் மயில் இல்லாமல் வெளியே போகாது. மலை மேல் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை என்பார்.

பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எந்தப் பக்கத்தைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். வந்தது. வேகங்களின் அட்டவணை. அதன் மேல் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகத்துக்குக் கீழே ஒரு மருதாணி வட்டம், ஜெராக்ஸ் மையில் கருப்பாக. என் கட்டைவிரல்.

எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, மொகம் இப்டி செவந்துகினு கீது? தண்ணி குடிக்கிறியா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. நான் லைசென்ஸ் வாங்கி, வேலைக்குக் காத்திருந்து, காத்திருந்து சலித்து, இப்போது சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் விமானப் பரீட்சைக்குப் பாடம் எடுக்கிறேன். இத்தனை நாளும் இந்த விரல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு.

பொய் என்று சொன்னதை விளக்க வேண்டும். விமானத்தின் கையேடு மிக்ஸியோடு வரும் புத்தகம் மாதிரி இல்லை. ஒரே பெயர், ஒரே உருவம், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அக்கா தங்கை மாதிரி இருக்கும் இரண்டு விமானங்களுக்கு இரண்டு கையேடு. ஒன்று பத்து வருடம் முன்னால் செய்ததாக இருக்கும். எஞ்சின் வேறு, டேங்கில் பிடிக்கும் பெட்ரோல் வேறு, எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பது வேறு. அதனால்தான் ஒவ்வொரு விமானத்திலும் கதவோரமாக ஒரு சின்ன உலோகத் தகடு அடித்திருப்பார்கள். அதில் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய புத்தகம்தான் அதன் புத்தகம். அது விமானத்துக்குள்ளேயே, விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் வகுப்பில் வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைத்தான் சொல்கிறேன். கதவைத் திற, தகட்டைப் படி, அப்புறம் புத்தகத்தைத் திற. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். பரீட்சைக்கு வருமா என்று கேட்கிறார்கள். அப்போது எனக்கு வருகிற கோபத்தை இந்த வயதில் யாரும் தாங்கக் கூடாது.

எனக்கு விமானப் பைத்தியம் பிடித்ததற்கு அரக்கோணம் கடற்படைத் தளம்தான் காரணம். பள்ளி மைதானத்தில் நிற்கும்போது மலைக்கு மேலே ஒரு விமானம் வட்டமடித்துப் போகும். மற்ற பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். எங்கள் இயற்பியல் ஆசிரியை என் வாய்க்குள் ஈ போகப் போகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கணக்கின் விடை சரியாக இருந்து அலகு எழுதாமல் விட்டால் அரை மதிப்பெண் வெட்டுவார். "அஞ்சுன்னா அஞ்சு இன்னா? அஞ்சு கத்திரிக்காயா?" என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் கேட்டால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் விமானப் பயிற்சிக்குச் சேர்ந்த கழகம் தெற்கே ஒரு பொட்டல் காட்டில் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. எங்கள் அணியில் ஒன்பது பேர். அதில் முனிரத்தினம் பள்ளிப்பட்டுக்காரன், கரும்பு விவசாயம் செய்யும் குடும்பம். ஊருக்கு வருவதென்றால் இருவரும் சேர்ந்துதான் வருவோம். திருத்தணியில் நான் இறங்கிக்கொள்வேன், அவன் பள்ளிப்பட்டு பஸ் பிடிப்பான். நான் எதையும் குறிப்பு எடுக்கிறேன் என்பதால் எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்தவன் அவன்தான். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, வேகத்தடை வரும்போதெல்லாம் இல்லாத கைப்பிடியை மெல்லப் பின்னால் இழுப்பான். தரையைத் தொடுவதற்கு முன்னால் விமானத்தின் மூக்கைத் தூக்கும் பழக்கம் அது. பஸ் குதித்ததும் "இன்னாமே, சாஃப்ட் லேண்டிங் பாத்தியா?" என்பான். பக்கத்தில் இருப்பவர்கள் இவனுக்கு ஏதோ கோளாறு என்று நகர்ந்து உட்காருவார்கள்.

கழகத்தில் இரண்டு விமானங்கள் இருந்தன. மூன்றாவதாக ஒன்று, மூடிப்போன வேறொரு கழகத்திலிருந்து வந்து சேர்ந்தது. பதிவின் கடைசி எழுத்து 'எல்', அதை விமானிகள் லீமா என்று சொல்வார்கள், அதுவே அதற்குப் பெயர். எங்களுக்கு லீமாக்கா. மற்ற இரண்டையும் விட வயதில் மூத்தது, மாடல் பெயரும் உருவமும் அதே. அதனோடு அதன் புத்தகமும் வந்தது. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால்.

அந்தப் புத்தகத்தை நான் முதலில் பார்த்தது பூஜையில்தான். மெலிந்த புத்தகம், எண்பது பக்க நோட்டு அளவுதான் இருக்கும், ஓரம் பழுப்பேறியது. ஸ்பானர், திருப்புளி, காற்றடிக்கும் பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது போல அதன் அட்டைக்கும் வைத்து, ஒரு சாமந்திச் சரத்தைச் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் சாய்த்திருந்தார்கள். பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது, சரி. மறுநாள் தொடலாம் அல்லவா? மறுநாள் ஸ்பானர் வேலைக்குப் போயிற்று, பம்பு வேலைக்குப் போயிற்று. புத்தகம் மட்டும் மாலையோடு கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. சாவி, பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேதமூர்த்தி சாரின் இடுப்பில்.

போய்க் கேட்டேன்.

"சார், லீமா புக்க ஒரு தடவ பாத்துட்டுத் தரேன் சார்."

"அது ஒரிஜினல்மா. இன்ஸ்பெக்ஷன் வந்தா மொதல்ல அதத்தான் கேப்பாங்க. ஆளாளுக்கு எடுத்தா கிழிஞ்சிடும்."

"படிக்கத்தான சார் புக்கு?"

"படிக்கிறதுக்கு ஒரு காப்பி தேடிக்கோங்க. இது சாமி முன்னாடி வெச்சது. கைய கிய வெக்காதீங்க."

அப்போது நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எனக்குத்தான் எந்தப் புத்தகத்தையும் எங்கிருந்தாவது பிடித்துவிடும் சாமர்த்தியம் இருந்ததே! கழகத்தில் இருந்த ஒரு சீனியரிடம் குண்டாக ஒரு கையேடு இருந்தது, அதே பெயர் போட்டு. அலமாரிக்குள் இருந்த ஒல்லிப் புத்தகத்தைவிட மூன்று மடங்கு கனம். கனமான புத்தகத்தில்தான் விஷயம் இருக்கும் என்று நம்பும் ஊரில் பிறந்தவள் நான். ஒரு சனி ஞாயிறுக்கு இரவல் வாங்கிக்கொண்டு திருத்தணிக்கு ரயிலேறினேன்.

சூடான ஜெராக்ஸ் மெஷினின் வாசனை உங்களுக்குத் தெரியும்தானே? எரிந்த துணியும் இங்க்கும் கலந்த மாதிரி. எனக்கு அது நைனாவின் சட்டை வாசனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையை அரைக்கதவு சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். அந்த வாரம்தான் பொதட்டூர்பேட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது, கையில் மருதாணி. குண்டுப் புத்தகம் கண்ணாடி மேல் படியாமல் எழும்பிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு நான் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நைனா பொத்தானை அழுத்தினார்.

"இத்தினி பக்கமா? இத்தப் படிச்சி முடிச்சிட்டு ஏரோப்ளேன் ஓட்றதுக்குள்ள நீ கெழவி ஆயிடுவ பாப்பா."

"நீ அமுத்து நைனா."

கொஞ்ச நேரம் கழித்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "நம்பருன்னு ஒண்ணு போட்டுக்கீதே. இது உங்க வண்டி நம்பரா?"

"எல்லாம் ஒண்ணுதான் நைனா."

"ஒண்ணுதானா? ஆதார் காப்பி எடுக்க வர்றவன் கூட நம்பரு சரியா கீதான்னு பாத்துதான் வாங்கிகினு போறான்."

"ஏரோப்ளேன் பத்தி உனக்கு இன்னா தெரியும்? அமுத்து."

அமுத்தினார். படிப்பறிவு அதிகம் இல்லாத ஒரு மனுஷர் ஒரு பார்வையில் கேட்ட கேள்விக்கு, விமானம் படிக்கப் போன மகள் அவர் வாயையே அடைத்துவிட்டாள். லீமாவின் பதிவெழுத்துகளை அட்டையில் போடச் சொன்னதும் நான்தான். லீமாவைக் கண்ணாலும் பார்க்காத ஒரு புத்தகத்தின் மேல், லீமா என்று. ஒன்பது பிரதிகள், ஒன்பது மயில்கள். மறுநாள் காலை நான் கிளம்புவதற்குள் நைனா முதல் பிரதியை மலைக்கு எடுத்துப்போய், சாமி காலடியில் வைத்து, சந்தனப் பொட்டோடு கொண்டுவந்து கொடுத்தார். அங்கே சரியான புத்தகத்துக்குச் சந்தனம் வைத்துப் பூட்டினார்கள், இங்கே தப்பான புத்தகத்துக்குச் சந்தனம் வைத்துத் திறந்துவிட்டோம். மலைமேல் இருப்பவரும் எத்தனைதான் பார்ப்பார்?

பிரதிகள் போதாதென்று ஸ்கேன் செய்ததைக் குழுவிலும் போட்டேன். எத்தனை பாராட்டு, எத்தனை கைதட்டும் படங்கள்! சாப்பாட்டு மேஜையில் முனி கேள்வி கேட்பான், மற்றவர்கள் வாய்ப்பாடு மாதிரி சொல்ல வேண்டும்.

"கடைசியா எறங்கச் சொல்லோ ஸ்பீடு?"

"அறுபத்தஞ்சு!"

"சத்தமா."

"அறுபத்தஞ்சு!"

அறுபத்தைந்து என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புத்தகத்தில் பதில் இருந்திருக்காது. அட்டவணையின் தலைப்பில், எண்களுக்கு மேலே, 'நாட்' என்ற அலகு அச்சாகியிருந்த இடத்தில்தான் என் கட்டைவிரல் இருந்தது. விமானிகள் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு மைலைவிடக் கொஞ்சம் அதிகம். நாங்கள் ஓட்டிய மற்ற இரண்டு விமானங்களின் வேகமானியும் நாட் கணக்கில்தான் காட்டும். லீமா பழைய காலத்தது. அதன் வேகமானியில் இரண்டு வளையம். வெளியே பெரிதாக இருப்பது மைல். உள்ளே, பொடி எழுத்தில், நாட்.

முனி அதைக் கவனித்தான். அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். லீமாவில் பயிற்றுநரோடு ஒரே ஒரு சுற்று போய்வந்தான். அவரை எல்லோரும் கேப்டன் என்போம். அன்று அவருக்கு ஏதோ அவசரம். பாதி நேரம் அவரேதான் ஓட்டினாராம். இறங்கி வரும்போது முனி கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"சார், டயல்ல ரெண்டு வளையம் இருக்கே, எத சார் பாக்கணும்?"

"எல்லாம் ஒண்ணுதான்பா. ஒரே ஏரோப்ளேன். நாளைக்கு நீ தனியாப் போ."

தனியாகப் போனான். பகல் பதினோரு மணி, வெயிலில் ஓடுதளம் தண்ணீர் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. குறுக்குக் காற்று விட்டுவிட்டு அடித்தது. வேலிக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட மெதுவாக வருகிற மாதிரி தோன்றியது. மெதுவாக, அழகாக வருகிறான் என்றுதான் நினைத்தேன். மூக்கைத் தூக்கினான். தூக்குவதற்கு விமானத்திடம் வேகம் மிச்சம் இல்லை. ஒரு மாடி உயரத்திலிருந்து மூட்டையைப் போட்ட மாதிரி விழுந்தது. முன்சக்கரம் ஒடிந்து மூக்கு தரையில் உரசி, மூக்கில் இருந்த காற்றாடி வளைந்து நின்றது. ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவனே கதவைத் திறந்து இறங்கி, நாலு எட்டு வைத்து, தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி எழ முடியவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வாத்தியாரம்மா, அறுபத்தஞ்சுலதான் வந்தேன். ஒரு நம்பர் கூடக் கொறையல" என்றான்.

அவன் சொன்னது உண்மை. வெளி வளையத்தில் அறுபத்தைந்து. மைல். நாட் கணக்கில் சொன்னால் ஐம்பத்தாறுக்குக் கொஞ்சம் மேலே.

அவனை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். புழுதி அடங்கியிருக்காது, வேதமூர்த்தி சார் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். கையில் அந்த ஒல்லிப் புத்தகம். ஓடவில்லை, பதறவில்லை. மாலையைக் கழற்றி வேலிப்பக்கம் போட்டார், அட்டையைக் கைக்குட்டையால் துடைத்தார், லீமாவின் கதவைத் திறந்து முன்சீட்டுப் பையில் புத்தகத்தைச் சொருகினார். திரும்பும்போது என்னைப் பார்த்தார். "உள்ள இருக்க வேண்டியதுதானேம்மா, இருக்கட்டும்" என்றார்.

உள்ளே இருக்க வேண்டியதுதான்! காலையில் இருந்திருக்க வேண்டியது!

மறுநாள் விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்னால், லீமாவை இழுத்து நிறுத்தியிருந்த கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் உள்ளே ஏறினேன். புத்தகத்தை எடுத்தேன். பாதிப் பக்கங்கள் சந்தனத்தில் ஒட்டியிருந்தன. இடையில் ஒரு சாமந்தி இதழ். முதல் பக்கத்தில் யாரோ பழைய மையில் வரிசை எண்ணை எழுதியிருந்தார்கள். கதவோரத் தகட்டைப் பார்த்தேன், அதே எண். நான் தேடிய வரிக்குப் போக எனக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. இறங்கும் வேகம் எழுபத்தைந்து. பக்கத்திலேயே, எந்த விரலும் மறைக்காமல், மணிக்கு மைல் என்று. ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் ஒன்பது பேரில் ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

"படிச்சாச்சா?" கேப்டன் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். "எடுத்த எடத்துலயே வெய்யி."

"சார், இது நேத்து உள்ள இல்ல."

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "அவன் கையில இருந்தது எந்த புக்கு? மயில் போட்டது. அட்டையில லீமான்னு எழுதினது யாரு? நல்லா யோசிச்சிப் பேசு. லைசென்ஸுக்கு உனக்கு இன்னும் நாப்பது மணி நேரம் பாக்கி இருக்கு, இங்கதான் ஓட்டியாகணும்."

விசாரணைக்கு வந்தவர் நல்ல மாதிரிதான். பொறுமையாகத்தான் கேட்டார். விபத்தை நேரில் பார்த்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். விமானத்துக்குரிய கையேடு விபத்தன்று விமானத்தில் இருந்ததா என்று கேட்டார். "இருந்துச்சு சார்" என்றேன்.

இரண்டு வார்த்தை. அதை வைத்து எழுதினார்கள்: சரியான கையேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மாணவர் அதைப் பார்க்கவில்லை, வேகத்தைக் காக்கவில்லை. தவறு முழுக்க முனியுடையது. முதுகு ஆறு மாதத்தில் சரியாயிற்று. அந்தத் தாள் சரியாகவில்லை. அதைப் பார்த்த எந்தக் கழகமும் அவனை மறுபடி ஏற்றவில்லை. நான் என் நாற்பது மணி நேரத்தை ஓட்டி முடித்தேன். கேப்டன் மேல் கோபம், வேதமூர்த்தி மேல் கோபம், சாமந்தி மேல் கூடக் கோபம். எல்லாக் கோபத்தையும் அவர்கள் மேலேயே கொட்டிவிட்டால் எனக்கென்று எதுவும் மிஞ்சாது என்பதும் ஒரு சாமர்த்தியம்தானே.

ரயில் அரக்கோணத்தை விட்டுக் கிளம்பியதும் முனிக்குப் போன் போட்டேன். பொங்கலுக்கு ஒருமுறை, பிறந்தநாளுக்கு ஒருமுறை பேசுவதோடு சரி. அவன் இப்போது பள்ளிப்பட்டுப் பக்கம் வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கிறான். பின்னால் அதன் இரைச்சல் கேட்டது.

"இன்னா வாத்தியாரம்மா, காலங்காத்தால?"

"முனி, மயில் புக் இன்னும் சுத்திகினு இருக்குடா."

"ஆங், இருக்கும். உங்க நைனா பைண்டிங் அப்படி."

நான் சிரிக்கவில்லை. "அன்னிக்கு புக்கு உள்ள இல்லன்னு எழுதப் போறேன். எல்லாருக்கும் தெரியற மாதிரி."

இரைச்சல் நின்றது. ட்ரோனை இறக்கிவிட்டான் போல.

"எனக்குத் தெரியாதா? காத்தால ஏறச் சொல்லவே சீட்டு பாக்கெட்ல கைய வுட்டுப் பாத்தேன். வெறும் பாக்கெட்டு. அப்பறம் இருந்துச்சின்னு நீ சொன்னத ரிப்போர்ட்ல படிச்சேன்."

"ஏன்டா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன். ரெண்டு வருசம் இருந்தேன். அப்பறம் கரும்பு வெட்டு வந்துடிச்சி, வேலையப் பாக்கப் போயிட்டேன். எழுது. எனக்காவ எழுதாத. லைசென்ஸ் ஆசையெல்லாம் எனக்கு எப்பவோ வுட்டுப்போச்சு. அந்தப் பையன் எந்த வண்டி ஓட்றான்னு கேட்டியா மொதல்ல?"

கேட்கவில்லை. ஒவ்வொரு முதல் வகுப்பிலும் சொல்வதை நான் இன்றும் கேட்கவில்லை. மயிலைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன், என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டுப் பையனுக்கு எழுதினேன். உன் விமானத்தின் வரிசை எண் என்ன? உடனே பதில் வந்தது. "தெரியலக்கா. எல்லாம் ஒண்ணுதான்னு சார் சொன்னாரு."

அப்புறம் நான் எழுதியதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை, நீளமானது. மயில் புத்தகம் லீமாவுடையது அல்ல, அட்டையில் அப்படிப் போட்டவள் நான், வேக அட்டவணையில் இருக்கும் விரல் என்னுடையது, சரியான புத்தகம் அன்று விமானத்தில் இல்லை, இருந்தது என்று சொன்னவளும் நான். என் பெயரைப் போட்டு, அவனுக்கும், எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். திருவள்ளூர் தாண்டும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சும்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். லீமாவைப் பழைய இரும்பாகத் துண்டு போட்டுவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். கழகம் மூடி, ஓடுதளத்தில் இப்போது கடலை காயவைக்கிறார்களாம். கண்ணாடி அலமாரி யார் வீட்டில் இருக்கிறதோ. அந்த ஒல்லிப் புத்தகம், லீமாவைப் பற்றி உலகத்தில் உண்மை சொன்ன ஒரே புத்தகம், எங்கே போனதென்று விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நைனா கடையில் அந்தப் பெரிய மெஷின் கூட இல்லை, எடைக்குப் போட்டாகிவிட்டது. என் கை மருதாணி ஒரு மாதத்தில் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் மட்டும் அது போகவே இல்லை, அப்படியே கருப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போன் அதிர்ந்தது. பையன் ஒரு படம் அனுப்பியிருந்தான். விமானத்தின் கதவோரம். தகடு இருக்கிறது. அதன் மேலே தடிமனாக வெள்ளை பெயின்ட், விளிம்பு தெரியாமல்.

"அக்கா, புதுசா பெயின்ட் அடிக்கச் சொல்ல மூடிட்டாங்க போல. நம்பரே தெரியல. என்ன செய்ய?"

சுரண்டு, என்று எழுதினேன்.